பங்குக் கிணறு

ஆடி அமாவாசையன்று கீரிமலைக்குச் சென்று தந்தைக்குப் பிதிர்க்கடன் ஆற்றியோர் அனைவரும் அவ்விடத்து அதிசயம் ஒன்றைக் கண்டிருப்பர். கேணிக்கும் கடலுக்கும் இடையே ஒரு மதில் மாத்திரமே உண்டு. மதிலுக்கு அப்பால் கருநீலக் கடல் பாறையிலே மோதி நுரைக்கின்றது. இப்பால், உவர்ப்புக் குறைந்த தண்ணிய ஊற்றுநீர் இரவும் பகலும் சுரந்து, கேணியை நிரப்பி, மிகுதி கடலிலே சென்று கலக்கின்றது. எட்டு வயதிலே தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கேணிப் படியிலே நின்றபோது, "இந்தத் தண்ணி எங்கையிருந்து வருகுது ஐயா?" என்று வினவினேன். "ஊரெல்லாம் பெய்த மழை, தம்பி. நிலத்துக்குக் கீழாலை நடந்து வந்து இங்கை கடலோடை சேருது" என்றார். அவர் ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போனவர். பிற்காலத்திலே நான் பல்கலைக்கழகத்திற் புவியியல் கற்கப் புகுந்து, விரிவுரையாளர் கரும்பலகையில் வரைந்து காட்டிய படத்தை நோக்கியிருந்தபோது, அப்பாடத்தின் சாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்திலே அடங்கியிருந்ததை உணர்ந்தேன். இன்று தந்தையார் இல்லை. அவர்பொருட்டு அதே கேணியில் முழுகுகின்றேன். முழுகும்போதெல்லாம் நிலத்துக்குக் கீழே நடந்து வரும் அந்த மழையையே நினைக்கின்றேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என ஒன்றுண்டு. அது மாரியிலே ஓடிக் கோடையிலே வரண்டு கிடப்பது. மலையும் இல்லை. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது அங்குல மழை பெய்கின்றது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களிற் பெய்து தீர்ந்துவிடுகின்றது. வாடைக்காற்று ஓய்ந்து சோளகம் எழுந்தபின், குடிப்பதும் குளிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் எல்லாம் கிணற்றை நம்பியே. கிணறோ எதனை நம்பியிருக்கின்றது? எமது செம்மண்ணின் கீழே, மயோசீன் காலத்திற் கடலடியிலே படிந்த சுண்ணாம்புக்கல் பரந்து கிடக்கின்றது. மழைநீர் அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து, வெடிப்புகளும் பொந்துகளும் குகைகளுமாக ஆக்கிவிட்டது. மாரியிற் பெய்யும் நீர் அப்பொந்துகளிலே தங்குகின்றது. குடாநாட்டுக்கு வாய்த்த ஒரே ஏரி அதுவே. கண்ணுக்குத் தெரியாத ஏரி.

அந்த ஏரிக்கு அடித்தளம் கற்பாறை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் அடித்தளம் கடல். மூன்று புறமும் கடலும், நடுவே கடனீரேரிகளும் சூழ்ந்த நிலமாதலின், கல்லின் வெடிப்புகளினூடே உவர்நீர் உட்புகுந்து கீழே நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் சற்றுப் பாரம் குறைந்தது. ஆகவே அதன்மேலே மிதக்கின்றது. சட்டியிலுள்ள குழம்பின்மேல் எண்ணெய் மிதப்பதை எமது இல்லத்தரசிகள் அறிவர். ஏறக்குறைய அதுபோன்றதே இதுவும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியிலே பாடன் கைபன் என்னும் ஒல்லாந்தரும், பின்னர் ஹேர்ஸ்பேர்க் என்னும் செர்மானியரும் தனித்தனியே ஒரு கணக்கினைக் கண்டறிந்தனர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பதே அக்கணக்கு. இதன் மறுபக்கத்தை நோக்குவோமாக. கிணற்றை இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் நாற்பதடி மேலெழ முற்படும். ஓரடி எடுத்தவனுக்கு நாற்பதடி தண்டம்! எந்தக் கந்துவட்டிக்காரனும் இவ்வாறு வட்டி வாங்கியதில்லை.

இதனைக் கண்ணாற் காண விரும்புவோர் புத்தூருக்கு அருகேயுள்ள நிலாவரைக் கிணற்றை எண்ணிக்கொள்ளலாம். இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது என்பது ஐதிகம். சுண்ணாம்புக்கல்லின் கூரை இடிந்து வீழ்ந்து உண்டானது என்பது புவியியலார் கூற்று. நூற்றைம்பது அடிக்கு மேற்பட்ட அதன் ஆழத்திலே, மேலுள்ள நீர் இனிப்பாகவும் கீழே செல்லச் செல்ல உவர்ப்பாகவும் இருக்கின்றது. எமர்சன் ரெனென்ற் என்பவர் 1859ஆம் ஆண்டிலே இலங்கையைப் பற்றி வெளியிட்ட நூலிலும் இக்கிணறு இடம்பெற்றுள்ளது. அடியில்லாக் கிணறு என்று எமது முன்னோர் வியந்தனர். அதன் அடியிலே நிற்பது கடலே.

இனி எமது வீட்டு விடயத்துக்கு வருகின்றேன். தொண்டைமானாற்றுக் கடனீரேரிக்கு அணித்தாக எமது ஊர். வீட்டின் பின்புறத்தே பாட்டனார் காலத்துத் தோட்டம். தோட்டத்தின் நடுவே பங்குக் கிணறு. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை வாசித்தவர்கள் "கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் உள்ள பங்கு" என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர். எமது கிணற்றிலே ஆறு பங்கு. இன்று உமது முறை, நாளை எமது முறை. இன்னார் வைகறையில் இறைப்பது, இன்னார் மாலையில் இறைப்பது என்று எழுதாத சட்டம் ஒன்று நிலவியது. முறை தவறியோரை ஊர் மன்னிக்காது. வாய்க்கால் வரம்பிலே மூண்ட சண்டைகள் நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு, அதனை மறைப்பதற்கில்லை. எனினும், ஒருவன் எடுத்தால் இன்னொருவனுக்குக் குறையும் என்னும் உணர்வு அச்சண்டைகளிலேகூட இருந்தது.

பாட்டனார் காலத்திலே துலாவிற்தான் இறைப்பு. இருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து நீரை ஊற்ற, இன்னொருவர் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவார். விடியுமுன் தொடங்கினால் வெயில் ஏறுமுன் கால்கள் சோர்ந்துவிடும். மனிதன் களைத்தபோது கிணறும் ஆறியது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மண்ணெண்ணெயில் இயங்கும் நீர் இறைக்கும் இயந்திரங்கள் பரவின. முதுகு முறிய உழைத்தவனுக்கு அது பெரும் விடுதலை. அதனைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. ஆனால் இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை. 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் அரும்பொருளாகி, யாம் ஜாம் போத்தல் விளக்கிலே படித்த நாட்களில், பரணிற் கிடந்த துலாக் கயிறுகள் மறுபடி வெளியே வந்தன. துன்ப நாட்கள் அவை. அவற்றைப் புகழ்ந்து பேசுவோர் அந்நாட்களில் வாழாதோரே. ஆயினும் தந்தையார் மாத்திரம், "எங்களுக்குத்தான் கஷ்டம், கிணத்துக்கு ஓய்வு" என்று சொல்லிச் சிரிப்பார்.

பின்பு மின்சாரம் வந்தது. ஆறு பங்குகாரரிலே மூவர் கனடாவிலும் ஒருவர் இலண்டனிலும் குடியேறிவிட்டனர். ஐந்தாமவர் முதுமையுற்றுத் தோட்டத்தைக் கைவிட்டார். எஞ்சியது யாமே. தந்தையார் மறைந்தபின், தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டேன். இரண்டு குதிரை வலுவுள்ள மோட்டர் ஒன்றும் நானே வாங்கிப் பொருத்திக் கொடுத்தேன். முறை என்பது இல்லாதொழிந்தது. ஆறு பேருடைய முறையையும் ஒருவராய் இறைத்தோம். கேட்பதற்கு எவரும் இல்லை. குத்தகைக்காரர் நல்ல உழைப்பாளி, அவரிலே குற்றமில்லை. படித்த நான் வாய்மூடி இருந்தேன். பருவ விலைக்கு வெங்காயம் விற்றது. குத்தகைப் பணமும் ஒழுங்காய் வந்தது.

ஓர் ஆவணி மாதத்துக் காலையிலே அன்னையார் தேநீர்க் குவளையைக் கீழே வைத்து, "தண்ணி மாறிப்போச்சு" என்றார். யான் சுவைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐம்பது ஆண்டு அதே கிணற்று நீரிலே தேநீர் வைத்தவரின் நாக்கு முதலில் அறிந்தது. பருப்பு அவிய நேரமெடுக்கின்றது என்றும் சொன்னார். அந்த மாரியிலே மழை பெய்து நீர் தெளிந்தது, மறந்துவிட்டோம். அடுத்த கோடையிலே உவர்ப்பு முன்னதாகவே வந்தது; மழைக்குப் பின்னரும் முற்றாக நீங்கவில்லை. இப்பொழுது குடிநீருக்குப் போத்தலும் பீப்பாவும் சுமக்கின்றோம். தீவுப்பகுதி மக்களுக்கு இது புதிதன்று. நெடுந்தீவிலும் ஏனைய தீவுகளிலும் நல்ல தண்ணீருக்காகக் குடத்தோடு நெடுந்தூரம் நடந்த தாய்மார் எத்தனை தலைமுறையினர்! அவர்கள் சுமந்த குடத்தின் பாரத்தை யாம் இப்பொழுதுதான் உணர்கின்றோம்.

எனது வகுப்பு மாணவர்களிடம் இதனைக் கூறி, ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கிணற்று நீரைச் சிறு போத்தலிலே கொண்டுவருமாறு சொன்னேன். இரசாயன ஆசிரியர் மனமுவந்து உதவினார். சோதனைக் குழாயிலே நீரை ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் சில துளி விட்டால், உப்பிலுள்ள குளோரைட்டு வெண்ணிறமாய்த் திரளும். சில குழாய்களிலே மெல்லிய புகைபோல் மாத்திரம் தோன்றியது. வேறு சிலவற்றிலே பால் ஊற்றியதுபோல் வெளுத்தது. மாணவர் தத்தம் ஊரின் படத்திலே குறித்தபோது, வெளுத்தவற்றுட் பல கடனீரேரிக்கு அண்மையிலுள்ளவையாகவும், ஏனையவை இரவு பகலாய் இறைக்கப்படுபவையாகவும் இருந்தன. தன் வீட்டுக் குழாய் வெளுத்ததைக் கண்ட மாணவி ஒருத்தி, "சேர், நாங்கள் மோட்டரே போடுறேல்லை. பக்கத்துத் தோட்டத்திலைதான் போடுறவை. எங்கடை கிணறு ஏன் உவர்க்குது?" என்று கேட்டாள். வேலிக்கு மேலேதான் இரண்டு காணி, வேலிக்குக் கீழே ஒரே நீர் என்று விடை கூறினேன். சுன்னாகத்துக் கிணறுகளிலே கழிவெண்ணெய் கலந்த வழக்கு 2019ஆம் ஆண்டிலே உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு வரை சென்றதை இங்கே நினைவுகூரலாம். தோட்டத்துக்கு இடும் யூரியாவும் இவ்வாறே நைத்திரேற்றாகி அயல் வீட்டுக் குழந்தையின் பாற்போத்தலை அடைகின்றது. சுண்ணாம்புக்கல்லுக்கு வேலி தெரியாது.

அவளுடைய வினா என்னை விட்டு அகலவில்லை. "நாங்கள் செய்யாத பிழைக்கு எங்கடை கிணறு ஏன் உவர்க்குது?" என்பதல்லவா அதன் பொருள்? இன்று உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் எழும் வினா அதுவே. வளிமண்டலமும் ஒரு பங்குக் கிணறு. நிலக்கரியும் பெற்றோலியமும் எரித்து உண்டாகும் கரியமிலவாயுவை எந்த நாட்டார் விட்டாலும் அது அனைவர் தலைக்கு மேலும் பரவுகின்றது. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர், வளியின் பத்து இலட்சம் பங்கில் அவ்வாயு ஏறத்தாழ 280 பங்கு. ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையிலே 1958ஆம் ஆண்டில் அளவிடத் தொடங்கியபோது ஏறத்தாழ 315. 2024ஆம் ஆண்டிலே 420ஐயும் தாண்டிவிட்டது. அவ்வாயு வெப்பத்தை மறித்து வைக்கும் என்பது புதிய செய்தியன்று. 1896ஆம் ஆண்டிலே சுவீடன் தேசத்து அறீனியசு என்னும் விஞ்ஞானி, வாயு பெருகினால் பூமி எவ்வளவு வெப்பமடையும் என்று கையினாலேயே கணக்கிட்டார். 1938இலே கலண்டர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் பூமி வெப்பமடையத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக் காட்டினார். அன்று அவரைப் பலர் பொருட்படுத்தவில்லை. அறிவிப்புக் கிடைக்கவில்லை என்று சொல்ல மனித குலத்துக்கு முகமில்லை. 2024ஆம் ஆண்டின் வெப்பம், 1850–1900 காலத்துச் சராசரியிலும் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை மிகுந்திருந்தது. பாரிசு உடன்படிக்கையிலே 2015ஆம் ஆண்டில் நாடுகள், நெடுங்காலச் சராசரி தாண்டாதிருக்க முயல்வோம் என்று குறித்த எல்லையும் அதுவே.

உலகம் வெப்பமடைவதற்கும் எமது அன்னையாரின் தேநீருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இருவழியாலே வருகின்றது. ஒன்று கீழிருந்து. வெப்பத்தினாற் கடல்நீர் விரிகின்றது. துருவப் பனியும் மலைப்பனியும் உருகிச் சேர்கின்றன. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ எட்டு அங்குலம் உயர்ந்துள்ளது. அந்நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் சொச்சமாக இருந்த வேகம், 2006க்குப் பின்னர் ஆண்டுக்கு மூன்றரை மில்லிமீற்றருக்கு மேலாகிவிட்டது. கடல் உயர்ந்தால் அதன்மேல் மிதக்கும் நன்னீரும் உயரும். ஆனால் நிலம் உயராது. தாழ்ந்த நிலத்திலே, உயர்ந்த நன்னீர் மேலே கசிந்து ஓடிப்போகும். எஞ்சிய நீரின் மட்டம் கடலின் மட்டத்திலும் எவ்வளவு மிகுந்திருக்கின்றது என்பதே முக்கியம். அந்தச் சிறு மிகுதி குறையுந்தோறும், முன் கூறிய நாற்பது மடங்குக் கணக்கு எமக்கு எதிராக நடைபெறும். புயற்காலத்து அலை தாழ்நிலத்திலே ஏறினால், மேலிருந்தும் உப்பு இறங்கும். 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலிலே தனுஷ்கோடியைக் கடல் கொண்ட கதையை எமது வடகரையின் முதியோர் இன்றும் சொல்வர்.

மற்றொரு வழி வானத்திலிருந்து. வளி ஒரு பாகை வெப்பமடைந்தால் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கும். அதன் விளைவு, நெடுநாள் தேக்கி வைத்து ஒரேயடியாகக் கொட்டுவது. 2016ஆம் ஆண்டிலே மாரி பொய்த்து, அடுத்த ஆண்டும் நாடு கொடிய வரட்சியில் வாடியது. 2008இல் நிஷாப் புயலும் 2020இற் புரவிப் புயலும் குடாநாட்டை வெள்ளக்காடாக்கின. 2025 நவம்பர் இறுதியிலே வந்த டித்வாப் புயல், மலையகத்திலே மண்சரிவும் நாடெங்கும் வெள்ளமுமாய் அறுநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஒரு தனிப் புயலின் பழி முழுவதையும் காலநிலை மாற்றத்தின்மீது சுமத்துதல் விஞ்ஞானத்துக்குப் பொருந்தாது. ஆனால் வெப்பமடைந்த கடல் புயலின் மழைக்கு ஊட்டம் கொடுக்கின்றது என்பதில் ஐயமில்லை. கிணற்றை நிரப்புவது மெல்லெனப் பெய்யும் மழை. மூன்று நாளிற் கொட்டும் மழையை மண் உறிஞ்ச இயலாது. வீதியிலே வெள்ளம் நிற்கின்றது. யாம் அதனை வாய்க்கால் வெட்டிக் கடலுக்கு அனுப்பிவிட்டு, மாசியிலே தண்ணீர் இல்லையென்று வருந்துகின்றோம்.

இங்கே சிலர், "இலங்கை சிறிய நாடு, யாம் விடும் புகை எம்மாத்திரம்?" என்பர். அவர்கள் கூற்றிலே உண்மையுண்டு. இலங்கையர் ஒருவருக்கு ஆண்டில் ஏறத்தாழ ஒரு தொன் கரியமிலவாயு. அமெரிக்கர் ஒருவருக்கு அதன் பன்னிரண்டு மடங்குக்கு மேல். பெரிய பங்குகாரர் நெடுங்காலம் முறை தவறி இறைத்துள்ளனர் என்பதை உலக மன்றிலே உரத்துச் சொல்லும் உரிமை எமக்கு உண்டு, சொல்லவும் வேண்டும். எனினும் அந்த நியாயம் எமது கிணற்றை நிரப்பாது. உலகம் ஒன்றுபட்டு எதையும் செய்யாது என்று கைவிரிப்போரும் உளர். 1987ஆம் ஆண்டிலே மொன்றியலில் ஓசோன் படலத்தைக் காக்க நாடுகள் உடன்பட்டன. உடன்பட்டபடியே கேடான வாயுக்களைக் கைவிட்டன. படலம் இன்று மெல்ல மெல்லத் தேறி வருகின்றது. முறை வகுத்தால் உலகத்தாரும் முறைக்கு அடங்குவர் என்பதற்கு அஃது ஒரு சான்று.

மருதங்கேணிப் பக்கத்துத் தாளையடியிலே 2024ஆம் ஆண்டில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரை ஆக்கவல்லது. குடாநாட்டு மக்களுக்கு அது வேண்டியதே. அதனை எதிர்ப்பவன் யானல்லன். ஆயினும் உப்பைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். எமது நாட்டு மின்சாரத்தின் கணிசமான பங்கு நுரைச்சோலையிலே நிலக்கரியை எரித்துப் பெறப்படுவது. நிலக்கரி எரிந்தாற் கடல் உயரும். கடல் உயர்ந்தால் கிணறு உவர்க்கும். கிணறு உவர்த்தால் மீண்டும் நிலையத்துக்கு மின்சாரம் வேண்டும். சூரிய ஒளியிலும் மன்னார்க் காற்றிலும் மின்சாரம் பெறுவதை விரைவுபடுத்தினாலன்றி இச்சுழலிலிருந்து மீளுதல் இயலாது. சூரிய ஒளியால் இயங்கும் மோட்டரைத் தோட்டத்திலே பொருத்துவோர்க்கும் ஓர் எச்சரிக்கை. அதற்கு மின்கட்டணம் இல்லை. அதனாலேயே அணைப்பதற்கு மனம் வராது. புகை விடாத இயந்திரமும் கிணற்றை உவர்க்க வைக்கும்.

முன்னோர் மழையைத் தேக்கிய முறை எளியது. குடாநாட்டிலே சிறிதும் பெரிதுமாய் ஆயிரம் அளவிலான குளங்கள் இருந்தன. கோயில்தோறும் கேணி, வயல்தோறும் துரவு. இவை ஆடுமாடு குடிப்பதற்கு மாத்திரம் வெட்டப்பட்டவையல்ல. மாரி வெள்ளத்தை நிறுத்தி, மெல்ல மெல்ல நிலத்துக்கு ஊட்டும் வாய்கள் அவை. இன்று அவற்றுட் பல தூர்ந்து, குப்பை நிறைந்து, சில வீட்டுக் காணிகளாகவும் ஆகிவிட்டன. பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1954ஆம் ஆண்டிலே முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டமும், கடனீரேரிகளை மறித்து உவர்நீரை வெளியேற்றி மழைநீரைத் தேக்கும் இதே கருத்தின் பெருவடிவமே. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது முழுமை பெறவில்லை. தொண்டைமானாற்று அணைக்கதவைக் கடந்து செல்லும்போதெல்லாம், ஒரு தலைமுறையார் கண்ட கனவின் பாதி அங்கே நிற்பதாக எனக்குத் தோன்றும். அரசாங்கம் செய்யவேண்டியதை அரசாங்கம் செய்யுமாறு இடையறாது வற்புறுத்துவோம். குளத்தைத் தூர்வாருவதற்கு மந்திரி வரவேண்டியதில்லை.

சென்ற வைகாசியிலே எமது ஊர் வைரவர் கோயிலடிக் குளத்தைத் துப்புரவாக்கினோம். முதல் நாள் வந்தோர் ஒன்பது பேர். அவருள் ஐவர் எனது மாணவர். மூன்றாம் வாரத்திலே இயந்திரம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தும் அளவுக்குப் பணம் சேர்ந்தது. கனடாவிலிருந்த மூன்று பங்குகாரரும் தொலைபேசியிலே ஒருவர்க்கொருவர் பேசியபின் அனுப்பிய தொகையே பெரும்பகுதி. வெட்டியெடுத்த வண்டல் மண்ணைத் தோட்டக்காரர் போட்டி போட்டு அள்ளிச் சென்றனர். குப்பையோடு குப்பையாகப் பழைய பட்டை ஒன்றின் ஓலைத் துண்டும் அகப்பட்டது என்று ஒரு பையன் கொண்டுவந்தான். பட்டையா, வெறும் ஓலையா என்று முதியோரிடையே அரைமணி நேரம் வாதம் நடந்தது.

தோட்டத்துக் கிணற்றுக்கும் மறுபடி முறை வகுத்துள்ளோம். அன்னையார் முதலிலே சிரித்தார்: "ஆருக்கு முறை? ஆளே இல்லையே!" ஊரில் இல்லாதவர்களின் நான்கு நாட்களிலும் மோட்டர் போடுவதில்லை என்பதே ஏற்பாடு. குத்தகைக்காரர் முதலில் முகம் சுளித்தார். குத்தகையில் மூன்றிலொரு பங்கைக் குறைத்தேன். சொட்டுநீர்க் குழாய்க்குரிய செலவில் பாதியை யான் ஏற்றேன். மிளகாயை அக்குழாயிலும், வெங்காயத்தைக் குறைந்த பாத்திகளிலும் செய்கை பண்ணிப் பார்ப்பதாய் ஒப்புக்கொண்டார். நட்டமா இலாபமா என்பது தை மாதத்திலே தெரியும். கிணற்றுக்கட்டிலே மாணவர் எழுதி ஒட்டிய பட்டியலில் ஆறு பங்குகாரரின் பெயர்களும் உள்ளன. யாம் இறைப்பது செவ்வாயும் வெள்ளியும். எமது ஊரிலே இன்னும் எத்தனை மோட்டர்கள் நாள் முழுவதும் ஓடுகின்றன என்பதை அறிவேன். அவற்றின் ஒலி மாலையிலே வீட்டுத் திண்ணை வரை கேட்கின்றது. அவற்றுட் சிலவற்றின் உரிமையாளர்களை அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்துக்கு அழைத்துள்ளோம். வருவார்களோ, வரமாட்டார்களோ. வெள்ளி நைத்திரேற்றும் சோதனைக் குழாய்களும் எடுத்துச் செல்வதாய் மாணவர் கூறுகின்றனர்.

அன்னையார் நாள்தோறும் காலையிலே தோட்டக் கிணற்றிலிருந்து ஒரு வாளி அள்ளி, ஒரு மிடறு வாயிலிட்டுப் பார்க்கின்றார். இன்று காலையும் பார்த்தார்.

"இன்னும் கரிக்குது. மாரி வரட்டும், பார்ப்பம்" என்றார்.